கோடு நின்ற இடம்

இசக்கியம்மாளுக்குப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்த அன்றைக்கே அவள் எப்போது படிப்பை விடுவாள் என்பதும் தெரிந்துவிட்டது.

அது ஒன்றும் ரகசியமில்லை. அந்தப் பல்கலைக்கழகத்தில் சேரும் ஒவ்வொரு பிள்ளைக்கும் முதல் நாளே ஒரு கோடு போட்டுக் கையில் கொடுத்துவிடுவார்கள். எட்டு செமஸ்டரிலும் அந்தப் பிள்ளை என்ன மதிப்பெண் வாங்கும் என்பதைப் புள்ளி புள்ளியாகக் காட்டும் கோடு. பள்ளிக்கூட மார்க், அப்பா அம்மாவின் வேலை, ஊர், வீட்டில் எத்தனை பேர், இதற்கு முன்னால் அதே ஊர்ப்பக்கத்திலிருந்து வந்த பிள்ளைகள் எப்படிப் படித்தார்கள், எதற்காகப் படிப்பை விட்டார்கள் என்று கிடைத்ததையெல்லாம் தின்றுவிட்டு, கம்ப்யூட்டரில் ஓடும் மாடல் ஒன்று அந்தக் கோட்டைப் போடும். சிலருக்கு ஏறிக்கொண்டே போகும். பலருக்கு மேடும் பள்ளமுமாகக் கடைசிவரை போகும். இசக்கியின் கோடு ஐந்தாவது செமஸ்டரின் நடுவில் நின்றிருந்தது.

அவளுடைய அப்பா முப்பந்தல் பக்கம் காற்றாலைகளுக்குக் காவல் பார்க்கிறவர். தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "பிரிண்டர்ல மை தீந்துட்டோ சார்? பாதிதான் வந்திருக்கு" என்றார்.

சேர்க்கை மேசையில் இருந்தவர் நல்ல மனுஷர். சிரிக்காமல் சொன்னார். "மை எல்லாம் இருக்கு. பிள்ளை அதுவரைக்கும்தான் படிக்கும்."

"அப்போ சீட்டு எதுக்குக் கொடுக்கிய?"

"அதுவரைக்கும் சீட்டு காலியாத்தானே கெடக்கு?"

அப்பாவுக்குக் கோபம் வரவில்லை. வெளியே வந்து, மலைக்கணவாய்க் காற்றில் வேட்டியைப் பிடித்துக்கொண்டு, "பாதியாவது படிக்கட்டும்னு நெனச்சானுவ பாரு" என்று மட்டும் சொன்னார். இசக்கிக்கு அந்தப் பாதி போதவில்லை. டேட்டா சயின்ஸும் பிசினஸ் இன்டெலிஜென்ஸும் சேர்ந்த படிப்பை அவளாகத்தான் தேர்ந்தெடுத்தாள். குப்பை மாதிரிக் குவிந்து கிடக்கும் விவரங்களிடம் சரியான கேள்வியைக் கேட்டால் அவை வாய் திறக்கின்றன என்பது அவளுக்குப் பெரிய அதிசயம். கடைக்காரர் அடுத்த மாதம் எந்தச் சரக்கை வாங்கிப் போடவேண்டும் என்பதை, விற்றுப்போன சரக்கே சொல்லிவிடுகிறது. அப்படிப்பட்ட படிப்பைப் பாதியில் விட்டுவிட்டுப் போகிற ஆள் தான் இல்லை என்று அவளுக்குத் தெரியும். மாடலுக்குத்தான் தெரியவில்லை.

ஆனால் கோடு நின்ற பிள்ளையாக இருப்பது எப்படி என்பது போகப் போகத்தான் புரிந்தது. யாரும் கெட்டவர்கள் இல்லை, எல்லாரும் முன்யோசனைக்காரர்கள். குழுவாகச் செய்யும் வேலைகளில் அவளைச் சேர்க்க யோசித்தார்கள். "நீ நடுவுல போயிட்டேன்னா ஒன் பங்கை யார் செய்வா?" என்று முகத்துக்கு நேரே, தப்பாக எண்ணாதே என்ற குரலில் கேட்டார்கள். ஹாஸ்டல் வார்டன் ஐந்தாவது செமஸ்டருக்கு அப்புறம் அவள் கட்டிலை யாருக்குக் கொடுப்பது என்பதை முதல் வருடத்திலேயே எழுதி முடித்திருந்தார். பாடம் நடத்துகிறவர்கள் அவள் பெயரை மனசில் வைத்துக்கொள்ள மெனக்கெடவில்லை. மெஸ்ஸில் அரிசி வாங்கும் கணக்குவரை அந்தக் கோடுதான். இப்படியெல்லாம் இருந்தால் யாருக்குத்தான் ஊருக்குப் பஸ் ஏறத் தோன்றாது என்று இசக்கி சில நாள் நினைத்ததுண்டு. ஆனால் ஏறவில்லை.

அவளோடு ஒட்டிக்கொண்டவள் பெனிட்டா ஒருத்திதான். நாகர்கோவில்காரி. வாய் ஓயாது. அவளுடைய கோடு எழுபத்தொன்று என்று ஒரே மட்டமாகக் கடைசிவரை போயிற்று. அந்தக் கோட்டை நம்பி முதல் வருடமே ஒரு கம்பெனி அவளை வேலைக்கு எடுத்துவிட்டது.

ஒருநாள் தேர்வு முடிந்து வரும்போது இசக்கி கேட்டாள். "ஏன்ட்டி கடைசிக் கேள்வியை எழுதாம விட்டே? நேத்து எனக்கே நீதானே சொல்லிக்கொடுத்தே?"

"எழுதுனா எண்பதுக்குப் போயிரும் மக்கா."

"போவட்டுமே."

"அய்யோ, போவப்பிடாது. கம்பெனிக்காரன் எழுபத்தொண்ணைத்தான் எடுத்திருக்கான். கொறஞ்சா இவ வேலைக்கு ஆவமாட்டான்னு சொல்லுவான். கூடிச்சுன்னா இவ இங்க நெலச்சு நிக்கமாட்டா, வேற எடத்துக்குப் பறந்திருவான்னு பயப்படுவான். எப்பிடிப் போனாலும் வேலை போச்சு."

"அப்போ படிச்சது?"

"படிச்சது என்கிட்ட இருக்கு. பேப்பர்ல இல்ல." பெனிட்டா சிரித்தாள். "நம்ம கிளாஸ்ல முக்காவாசிப் பேரு தெரிஞ்சதை மறைக்கத்தான் கஷ்டப்படுதாவ, கேட்டியா? நீ ஒருத்திதான் எவ்வளவு வேணும்னாலும் மார்க் வாங்கலாம். ஒன்ன எவனும் எடுக்கல. குடுத்து வச்சவ."

அது கேலிதான். ஆனால் உண்மையும்கூட. இசக்கி எல்லாக் கேள்விக்கும் விடை எழுதினாள்.

ஒரு வகுப்பில், கூச்சத்தை விழுங்கிக்கொண்டு, குற்றாலநாதன் சாரிடம் அவள் கேட்டும்விட்டாள். "சார், கோடு சொன்னது நடக்காமப் போனது உண்டா?"

குற்றாலநாதன் சார்தான் துறைத்தலைவர். கோடு போடும் மாடலும் அவர் மேற்பார்வையில்தான் ஓடுகிறது. "மார்க்குல அங்கங்க தப்பும்மா. அது சகஜம்."

"நின்னுபோற கோடு?"

சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அது தப்பினதே இல்லை. டேட்டா அப்படித்தான் சொல்லுது" என்றார். குரலில் பெருமை இல்லை, வருத்தம்தான் இருந்தது. அன்றைக்கு இசக்கி தனக்குள் சொல்லிக்கொண்டாள்: சரி, முதல் ஆளாக நான் இருந்துவிட்டுப் போகிறேன்.

ஐந்தாவது செமஸ்டர் வந்தது. அதில் பெரிய வேலை ஒன்று உண்டு. பல்கலைக்கழகத்தின் பழைய மாணவர் விவரங்களை ஆளுக்கொரு பகுதியாகப் பிரித்துக் கொடுப்பார்கள். அதைச் சுத்தம் செய்து கொடுக்கவேண்டும். சுத்தமான விவரத்தைத் தின்றுதான் மாடல் அடுத்த வருடப் பிள்ளைகளுக்குக் கோடு போடும். செமஸ்டர் முழுக்கச் செய்கிற வேலை அப்போதைக்கப்போது உண்மையான பதிவேட்டிலேயே போய் விழும். கடைசியில் மொத்தத்தையும் ஒப்படைத்தால் கம்ப்யூட்டரே மார்க் போடும். இந்தச் செய்முறையில் தவறினவர்கள் அலுவலகத்துக்குப் போய் எழுதிக்கொடுத்துவிட்டு ஊர் போய்ச் சேருவது வழக்கம்.

தன் கோடு இங்கேதான் நிற்கப்போகிறது என்பது இசக்கிக்குத் தெளிவாகத் தெரிந்தது. ஆகவே உயிரைக் கொடுத்துச் செய்தாள்.

அழுக்கு பல தினுசாக இருந்தது. நூற்றுக்கு நூற்றெழுபது வாங்கிய பிள்ளை இருந்தது. இன்னும் பிறக்காத பிள்ளை இருந்தது. ஒரே பையன் ஒரே நாளில் இரண்டு ஊரில் தேர்வு எழுதியிருந்தான். அதையெல்லாம் கண்டுபிடிக்க வகுப்பில் விதிகள் கொடுத்திருந்தார்கள். அதில் ஒரு விதி: கோடு நின்ற பிறகும் ஒருவர் பெயரில் மதிப்பெண் வந்திருந்தால், அது வேறு யாருடையதோ தவறி விழுந்தது, நீக்கிவிடவேண்டும்.

அதற்கும் காரணம் இருந்தது. முன்பு ஒருமுறை, விலகிப்போன பிள்ளைகளின் பதிவு எண்களைப் பிறகு டிப்ளமோ முடித்து நேராக இரண்டாம் வருடம் சேர்ந்தவர்களுக்குக் கொடுத்துவிட்டார்கள். புதிதாக வந்தவர்கள் மார்க் விலகிப்போனவர்கள் பெயரில் போய் உட்கார்ந்து பெரிய குழப்பம். அதிலிருந்து வந்த விதி அது. இசக்கியின் பகுதியில் அப்படிக் கோட்டைத் தாண்டி மார்க் இருந்த ஆட்கள் சிலர் அகப்பட்டார்கள். ஒவ்வொன்றாகத் தேடிப் பிடித்து நீக்கினாள். நீக்கியதும் திரையின் மூலையில், பதிவேடு கோட்டோடு எவ்வளவு பொருந்துகிறது என்ற அளவு ஏறும். வகுப்பிலேயே அவளுடையதுதான் உச்சத்தில் நின்றது.

"ஏளா, நீ தாண்டிருவ போலிருக்கே!" என்றாள் பெனிட்டா. "சோப்புப் போட்டுத் தொவச்சிருக்கியே!"

முதல்முறையாக இரண்டு பேர் வந்து, அடுத்த செமஸ்டரில் தங்கள் குழுவில் சேர்ந்துகொள்கிறாயா என்று இசக்கியைக் கேட்டார்கள்.

ஒப்படைக்கும் வாரத்தில் லேப் வாசலில் ஒரு பெண் வந்து நின்றாள். படித்து முடித்தவள் மாதிரி இருந்தது. கையில் பிளாஸ்டிக் உறை போட்ட சான்றிதழ்கள். அன்றைக்கு இசக்கியும் பெனிட்டாவும் மட்டும் உள்ளே இருந்தார்கள்.

"ஆபீஸ்ல கேட்டா லேபுல போய்க் கேளுன்னு சொல்லுதாவ. இங்க யாரும்மா பொறுப்பு?"

"சார் சாப்பிடப் போயிருக்காங்கக்கா. என்ன விஷயம்?" என்றாள் இசக்கி.

"எம் பேரு ஜெயவடிவு. போன வருஷம் இதே படிப்பை முடிச்சவதான். சென்னையில வேலை கெடச்சுது. அவங்க இங்க விசாரிச்சிருக்காங்க. இந்தப் பிள்ளை நாலு செமஸ்டருக்குமேல படிக்கவே இல்லைன்னு பதில் போயிருக்கு." அவள் உறையை நீட்டினாள். "இது போலின்னு சொல்லுதாங்கம்மா. போலீஸ்ல குடுப்போம்னு மெயில் வந்திருக்கு. ரெண்டு மாசத்துக்கு முன்னாலகூட நான் பாத்தேன், எட்டு செமஸ்டரும் இருந்துது. இப்போ பாதியைக் காணோம். மார்க்குக்குக் காலா முளைச்சிருக்கு?"

இசக்கி சான்றிதழை வாங்கிப் பார்த்தாள். ஐந்தாவது செமஸ்டரில் ஒரே தாவலாகத் தாவியிருந்த மதிப்பெண். அந்தத் தாவல் அவளுக்கு ஞாபகம் இருந்தது. இப்படி ஒரு பிள்ளை திடீரென்று ஏற முடியுமா, இது கட்டாயம் வேறு யாருடையதோதான் என்று தனக்குள் சொல்லிக்கொண்டு, நீக்கும் பொத்தானை அழுத்தியது விரலுக்கே ஞாபகம் இருந்தது.

"அக்கா, ஒங்க கோடு..." இசக்கி திரையைத் திரும்பிப் பார்த்தாள். "ஒங்க கோடு நின்ன கோடா?"

ஜெயவடிவு நிமிர்ந்தாள். "ஆமா. ஏன், ஒனக்குமா?"

இசக்கி தலையாட்டினாள்.

"அதை விட்டுத்தள்ளு. கட்டிலைப் புடுங்குனாங்க, சாப்பாட்டுக் கணக்குல பேரு இல்லைன்னாங்க. நான் என் ஃப்ரெண்டு கட்டில்ல ஒட்டிக்கிட்டுப் படுத்தேன். பாவம், அவளுக்கு இன்னைக்கும் இடுப்புவலி இருக்கு. ஆனா முடிச்சிட்டேன்லா."

"நின்ன கோட்டைத் தாண்டி யாரும் முடிச்சதே இல்லைன்னு சார் சொன்னாங்க."

"எங்க செட்டுலயே என்னோட சேத்து நாலஞ்சு பேரு உண்டு. எங்களுக்கு மேல இருந்த செட்டுலயும் இருந்தாங்க. யாரு சொன்னா இல்லைன்னு?"

யார் சொன்னது? இசக்கி கணக்குப் போட்டுப் பார்த்தாள். வருடா வருடம் ஐந்தாவது செமஸ்டர்ப் பிள்ளைகள் லேபில் உட்கார்ந்து, தாண்டியவர்களை அழுக்கு என்று துடைத்துவிடுகிறார்கள். துடைத்ததைத் தின்றுவிட்டு, தாண்டியவர் ஒருவரும் இல்லை என்று மாடல் சொல்கிறது. மாடல் சொன்னதை வைத்து அடுத்த வருடம் துடைக்கிறார்கள். உண்மையில் அந்தப் பிள்ளை போனதா இல்லையா என்று யாரும் பார்க்கவில்லை. பார்க்கவேண்டுமென்றால் அலுவலகத்தைக் கேட்கவேண்டும். அலுவலகம் வேறு கட்டடம். அந்த விவரம் லேபுக்கு வருவதே இல்லை.

"அக்கா," என்றாள் இசக்கி, "ஒங்க மார்க்கை அழிச்சது நான்தான்."

ஜெயவடிவு திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். உறையை வாங்கிக்கொண்டு, "நின்ன கோட்டை வச்சிக்கிட்டு நீயே அழிச்சியா?" என்று மெதுவாகக் கேட்டாள். பிறகு, "திரும்பப் போட முடியுமா?" என்றாள்.

முடியும். நீக்கியவை ஒப்படைக்கும் நாள்வரை ஓரமாகக் கிடக்கும். ஒப்படைத்துவிட்டால் அதோடு போயிற்று. இசக்கி அதைச் சொன்னாள். ஜெயவடிவு நாற்காலியை இழுத்துப் போட்டு, சார் வரும்வரை அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.

குற்றாலநாதன் சார் பொறுமையாகக் கேட்டார். ஜெயவடிவின் சான்றிதழைப் பார்த்தார். அவளை அவருக்கு அடையாளம் தெரிந்தது. அதுதான் அவரை அதிகம் தடுமாற வைத்தது. "நீ முதல் பெஞ்சுல இருந்த பிள்ளைல்லா? நீ முடிச்சது எனக்குத் தெரியுமேம்மா" என்றார்.

"தெரிஞ்சும் நின்ன கோடு தப்பினதே இல்லைன்னு சொன்னீங்களே சார்," என்றாள் இசக்கி. காதில் விழுந்தபிறகுதான் அது தன் குரல் என்பது அவளுக்கே தெரிந்தது.

"நான் ஒருத்தி ஒருத்தியா நெனச்சுப் பாக்கலம்மா. கம்ப்யூட்டர்ல வர்ற டேஷ்போர்டைப் பாத்துச் சொன்னேன்." அவர் நாற்காலியில் சாய்ந்தார். ஜெயவடிவுக்கு அன்றே ஒரு கடிதம் கொடுத்து அனுப்பினார். அவள் போன பிறகு இசக்கியைப் பார்த்தார். "இவளுக்குக் கடிதம் போதும். இந்த ஒரு வரியை மட்டும் நான் தனியா சரிபண்ணிக்கிடுதேன். நீ ஒன் வேலையை அப்படியே ஒப்படைச்சிரு."

"மத்தவங்க சார்?"

"அவங்க வந்து கேட்டா பாத்துக்கலாம்."

"வந்து கேட்டா கடிதம் கெடைக்கும். மாடலுக்குத் தெரியாதே சார். அது மறுபடியும் பாதிக் கோடுதானே போடும்?"

சார் சன்னலுக்கு வெளியே சுற்றிக்கொண்டிருந்த காற்றாலைகளைப் பார்த்தார். "இதைக் கேளு. மார்க் போடுறது நான் இல்ல. நீ சுத்தம் பண்ணினது கோட்டோட எவ்வளவு பொருந்துதுன்னு அதுவா பாத்துப் போடும். அந்த வரிகளையெல்லாம் திரும்பப் போட்டா பொருத்தம் விழுந்திரும். நீ தவறிருவ. நான் பாடத்திட்டக் குழுவுக்கு எழுதுதேன், விதியை மாத்தச் சொல்லுதேன். ஆனா அது ஒன் ஒப்படைப்புக்குள்ள நடக்காது. குழு கூடவே அடுத்த வருஷம் ஆயிரும்."

"அதுக்குள்ள அடுத்த செட்டுக்குக் கோடு போட்டிருவாங்கல்லா?"

அவர் மறுபடி கண்ணாடியைக் கழற்றினார்.

பெனிட்டா அன்றைக்குச் சாப்பிடும்போது கெஞ்சினாள், திட்டினாள், மறுபடி கெஞ்சினாள். "லூசா மக்கா நீ? மொதல்ல தாண்டு. தாண்டி நின்னுக்கிட்டு, இந்தா நான் தாண்டிட்டேன்னு சொல்லு. அப்போ யாரும் இல்லைன்னு சொல்லமுடியாதுல்லா?"

"சொல்லமுடியும். அடுத்த வருஷம் லேபுல ஒருத்தி உக்காந்து என்னைத் துடைச்சிருவா. எனக்குமேல நல்லா மார்க் வாங்குவா."

பெனிட்டா தட்டைப் பார்த்தாள். "அப்போ நீ பெயிலானா என்ன ஆவும் தெரியுமா? ஒன் கோடு சரின்னு ஆயிரும். ஐந்தாவது செமஸ்டர், நடுவுல, அச்சு அசலா. அந்த மாடலு சிரிக்கும்."

"அதுக்குச் சிரிக்கத் தெரியாது."

"வார்டனுக்குத் தெரியும்."

இசக்கிக்கும் பயம்தான். அப்பா பாதியாவது படிக்கட்டும் என்றார். அந்தப் பாதியோடு திரும்பிப்போய் நிற்கவேண்டும். புதிதாகக் கூப்பிட்ட அந்த இரண்டு பேரின் முகமும் வந்து வந்து போயிற்று. மறுநாள் லேபில் உட்கார்ந்து, கோட்டைத் தாண்டியவர்கள் என்று நீக்கிய வரிகளை ஒன்றொன்றாகத் திரும்ப எடுத்து வைத்தாள். எடுத்துவைக்கும்போது பெயரையும் படித்தாள். நீக்கியபோது பெயரைப் படிக்கவில்லை. மூலையில் பொருத்தத்தின் அளவு இறங்கிக்கொண்டே வந்தது. எல்லாம் முடிந்ததும் கண்ணை மூடாமல் ஒப்படைத்தாள்.

வேலை பதிவேட்டில் போய் விழுந்தது. மார்க் வந்தது. தவறிவிட்டாள்.

யாருக்கும் ஆச்சரியமே இல்லை. கோடு சொன்னது, நடந்தது. குழுவுக்குக் கூப்பிட்டவர்கள் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு போனார்கள். வார்டன் சாவியை எப்போது தருவாய் என்று கேட்டு ஆள் அனுப்பினார். குற்றாலநாதன் சார் மட்டும் வராந்தாவில் நிறுத்தி, "நீ எடுத்துவச்சவங்க எல்லாரோட மார்க்கும் திரும்ப வந்துட்டும்மா. மாடலை மறுபடி ஓட்டப்போறேன். வர்ற வருஷம் நின்ன கோடு நெறைய பேருக்கு இருக்காது" என்றார். கொஞ்சம் தயங்கி, "ஒன் கோட்டை நெனச்சாத்தான்... அது சரியாப் போச்சே" என்றார்.

"போவட்டும் சார்," என்றாள் இசக்கி. வேறு என்ன சொல்வது என்று தெரியவில்லை.

அலுவலகத்தில் அருணாசலம் அண்ணாச்சிதான் விலகுகிறவர்களைப் பார்த்துக்கொள்வார். அவருக்கு முன்னால் ஒரு கம்ப்யூட்டரும், விரல் வைக்கும் பெட்டி ஒன்றும், ஆறிப்போன டீயும் இருந்தன. இசக்கிக்குப் பின்னால் முதலாம் ஆண்டுப் பெண் ஒருத்தி பையை மடியில் வைத்துக்கொண்டு பெஞ்சில் காத்திருந்தாள்.

"வா தாயி. எல்லாம் அடிச்சு வச்சிட்டேன். ஒரே ஒரு எடம்தான் பாக்கி, காரணம்." அண்ணாச்சி மவுஸை நகர்த்தினார். "கல்யாணம்னு போட்டுரட்டுமா?"

"எனக்குக் கல்யாணம் இல்லையே அண்ணாச்சி."

"ஆவாமலா இருக்கப்போவுது? பொம்பளப் பிள்ளையன்னா கல்யாணம், பையம்மாருன்னா ஆர்வமின்மை. ரொம்ப வருஷமா அப்பிடித்தான் போடுதேன். சொல்லுத பிள்ளையளுக்கும் சங்கடம் இல்ல, எனக்கும் வேலை முடியும்."

இசக்கி அவரையே பார்த்தாள். அவர் கண்ணில் கள்ளமே இல்லை. தன் ஊர்ப்பக்கத்துப் பெண்பிள்ளைகள் கல்யாணத்துக்காகப் படிப்பை விடுகிறவர்கள் என்று மாடலுக்கு யார் சொல்லிக்கொடுத்தது என்பது அவளுக்கு இப்போது விளங்கியது. இந்த மேசையும், ஆறின டீயும், இந்த நல்ல மனசும்தான் சொல்லிக்கொடுத்திருக்கின்றன.

"செய்முறையில பெயிலாயிட்டேன்னு போடுங்க."

"அது லிஸ்ட்ல இல்லம்மா. எடுத்துட்டாவ. பெயிலாக்கி அனுப்புனோம்னு வெளிய தெரிஞ்சா தரம் கொறஞ்சிரும்லா? இங்கயிருந்து போறவங்க எல்லாரும் தானா போறவங்கதான். கல்யாணம், குடும்பச் சூழ்நிலை, ஒடம்பு சரியில்ல, ஆர்வமின்மை. இதுல ஒண்ணைச் சொல்லு."

"ஒண்ணுமே போடாம விட்டா?"

"விடாது. அடுத்த பக்கத்துக்கே போவாது. இந்தா பாரு, செவப்பா நிக்கி. அதைப் போட்டு, நீ விரல் வச்சாத்தான் போனதா ஆவும்."

இசக்கி கவுண்டரின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். "அப்போ நான் இன்னும் போவலையா?"

"போறதுக்குத்தானே வந்திருக்க?"

"விரல் வைக்கலைன்னா நான் யாரு அண்ணாச்சி?"

அண்ணாச்சி திரையைப் பார்த்தார். முதல்முறையாகப் பார்ப்பவர் மாதிரி கிட்டே குனிந்து பார்த்தார். "இங்க படிக்கிற பிள்ளை. அஞ்சாவது செமஸ்டர்."

"தவறின செய்முறையை மறுபடி செய்யக்கூடாதுன்னு இருக்கா?"

அவர் பக்கங்களைத் தட்டித் தட்டிப் போனார். நேரம் எடுத்தது. "செய்யலாம்னுதான் போட்டிருக்கு," என்றார் கடைசியில், தனக்கே நம்பிக்கை இல்லாத குரலில். "நான் இங்க வந்ததுலருந்து யாரும் செஞ்சதில்ல. தவறுனாங்கன்னா நேரா இங்க வந்து விரலை வச்சிட்டுப் போயிருதாவ. நாங்களும் கேட்டதில்ல."

இசக்கி பெட்டியிலிருந்து எட்டவே கையை வைத்துக்கொண்டாள். "எனக்கு இந்த லிஸ்ட்ல காரணம் ஒண்ணும் இல்ல அண்ணாச்சி. நான் போவல."

"கட்டிலு குடுத்தாச்சாமே?"

"பெனிட்டா கட்டிலு இருக்கு."

"அந்தப் பிள்ளைகிட்டக் கேட்டியா?"

"கேட்டா கத்துவா. பெறவு தள்ளிப் படுப்பா."

அண்ணாச்சி சிரித்துவிட்டார். பிறகு சிரிப்பு நின்றுவிட, சிவப்பாக நின்ற அந்தக் கட்டத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார். எத்தனை பெண்பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்துவைத்தோம் என்று யோசித்தாரோ என்னவோ. பக்கத்தை மூடினார்.

இசக்கி திரும்பினாள். பெஞ்சில் இருந்த பெண் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்தாள். பதினெட்டு வயதுகூட இருக்காது. கையில் பிடித்திருந்த தாளில் கோடு பாதியில் நின்றிருந்தது. இரண்டாவது செமஸ்டருக்கே நின்றிருந்தது.

"என்ன காரணம்னு போடப்போற?" என்று கேட்டாள் இசக்கி.

"கல்யாணம்னு அண்ணாச்சியே போட்டுருவாங்களாம்கா. ஹாஸ்டல்ல சொன்னாங்க."

"ஒனக்குக் கல்யாணமா?"

"இல்லக்கா."

"அப்போ ஏன் போற?"

அந்தப் பெண் கையிலிருந்த தாளைப் பார்த்தாள். அதுவரை அந்தக் கேள்வியை அவளிடம் யாரும் கேட்டதில்லை என்பது அவள் முகத்திலேயே தெரிந்தது. இசக்கி அவள் தோளிலிருந்த பையை வாங்கிக் கீழே வைத்துவிட்டு, பெஞ்சில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"செத்த இரு. யோசிச்சுச் சொல்லு."

"அடுத்தது யாரு?" என்று கவுண்டருக்கு உள்ளேயிருந்து அண்ணாச்சி கூப்பிட்டார்.

யாரும் எழுந்து போகவில்லை.